பல வெளியீடு கொண்ட பவர் சப்ளையைக் கட்டுப்படுத்துதல்: ஃப்ளைபேக் மின்சுற்றை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே ஸ்விட்ச், ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே கட்டுப்பாட்டு ஐசி ஆகியவற்றைக் கொண்டு 5 வோல்ட், 12 வோல்ட் என இரண்டு வெளியீடுகளைப் பெறுவது எளிது. அவ்விரண்டையும் எல்லாச் சுமைகளிலும் வரம்புக்குள் நிறுத்துவதுதான் கடினம். ஸ்விட்ச் ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு நேரம் மூடி (அதாவது மின்னோட்டத்தைக் கடத்தியபடி) இருக்க வேண்டும் என்ற ஒரே ஓர் அளவைத்தான் அந்த ஐசியால் மாற்ற முடியும். ஓர் அளவை மாற்றி ஒரு மின்னழுத்தத்தைத்தான் துல்லியமாகப் பிடித்து வைக்கலாம். இரண்டாவது மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதத்தை, அதாவது சுருள்களின் சுற்று எண்ணிக்கைகளின் விகிதத்தை, நம்பியே நிற்கிறது. ஆகவே பல வெளியீட்டு வடிவமைப்பு என்பது, பிழையை எவ்வளவு குறைக்கலாம், எஞ்சும் பிழையை எந்த வெளியீட்டின் தலையில் சுமத்தலாம் என்று தீர்மானிக்கும் வேலையே ஆகும். இதை ஏற்றுக்கொள்ளாமல் வெளியீட்டை அளந்து ஐசிக்குத் தெரிவிக்கும் பின்னூட்ட ரெசிஸ்டர்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஒரு வெளியீட்டைச் சரிசெய்யும்போதெல்லாம் மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு 16 வாட் ஃப்ளைபேக் மின்சுற்றை இவ்வழிகாட்டி முழுவதும் பின்தொடர்வோம். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரில் ஆற்றலைச் சேமித்து, அது திறந்ததும் வெளியீடுகளுக்குக் கொடுப்பதே ஃப்ளைபேக். உள்ளீடு 90 முதல் 265 வோல்ட் ஏசி. வெளியீடுகள் 5 வோல்ட் 2 ஆம்பியர், 12 வோல்ட் 0.5 ஆம்பியர், ஸ்விட்சிங் அதிர்வெண் 65 கிலோ ஹெர்ட்ஸ். கட்டுப்பாட்டுக்கு யூசி3842, பின்னூட்டத்துக்கு டிஎல்431 (வெளியீட்டை நிலையான மின்னழுத்தத்துடன் ஒப்பிடும் ஐசி), மின்தனிமைக்கு பிசி817 ஆப்டோகப்ளர் (எல்இடியின் ஒளியால் டிரான்சிஸ்டரை இயக்கும் பாகம்) என எளிதில் கிடைக்கும் பாகங்களையே எடுத்துக்கொள்கிறோம். 230 வோல்ட் உள்ளீட்டில் முதன்மைப் பக்கக் (உள்ளீட்டுப் பக்கக்) கெப்பாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட் டிசியைத் தாங்கி நிற்கும் என்பதால், தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஆசிலாஸ்கோப்பின் தரைமுனையை இணைக்கவே கூடாது.

படி 1: ஒவ்வொரு சுமைக்கும் உண்மையில் என்ன தேவை என்று எழுதுங்கள்

எல்லா வெளியீட்டுக்கும் 5 சதவீதம் என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்குவது பரவலான பழக்கம். செலவை ஏற்றும் பழக்கமும் அதுவே. நம் எடுத்துக்காட்டில் 5 வோல்ட் ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்கும் அதன் துணை ஐசிகளுக்கும் போகிறது. அதற்கு 4.75 முதல் 5.25 வரை என்ற வரம்பு நியாயமானது. 12 வோல்ட் எட்டு ரிலேக்களுக்கு (மின்காந்த ஸ்விட்சுகளுக்கு) போகிறது. 400 ஓம் சுருள் கொண்ட சிறிய 12 வோல்ட் ரிலே 30 மில்லி ஆம்பியர் எடுக்கும். பொதுவாக அது தன் மதிப்பிட்ட மின்னழுத்தத்தின் 75 சதவீதத்திலேயே இழுத்துவிடும். ஆகவே 12 வோல்ட்டுக்கு 10 சதவீத விலகல் தாராளமாகப் போதும்.

விலகலோடு, ஒவ்வொரு வெளியீட்டின் மிகக் குறைந்த சுமையையும் எழுதுங்கள். எட்டு ரிலேக்களும் இழுத்திருக்கும்போது 240 மில்லி ஆம்பியர். எல்லாம் விட்டிருக்கும்போது சுழியம். பல வெளியீட்டு மின்சுற்றுகள் தடுமாறுவது முழுச் சுமையில் அன்று, பெரும்பாலும் இந்தச் சுழியத்தில்தான்.

படி 2: சுற்று விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டயோடின் வீழ்ச்சியையும் (அதில் இழக்கப்படும் மின்னழுத்தத்தையும்) சேர்த்தே கணக்கிட வேண்டும். 5 வோல்ட் பக்கத்தில் வீழ்ச்சி குறைந்த வகையான ஷாட்கி டயோடுக்கு 0.5 வோல்ட் எனக் கொண்டால் சுருள் 5.5 வோல்ட் தர வேண்டும். 12 வோல்ட் பக்கத்தில் 100 வோல்ட் தாங்கும் ஷாட்கிக்கு 0.7 வோல்ட் எனக் கொண்டால் 12.7 வோல்ட். இவற்றின் விகிதம் 2.31. முழு எண்களில் 3-க்கு 7 என்பது 2.33; 4-க்கு 9 என்பது 2.25. முதலாவதில் 12 வோல்ட் வெளியீடு கணக்குப்படி 12.13 வோல்ட் ஆகிறது, இரண்டாவதில் 11.68 ஆகிறது. எனவே 3-க்கு 7. ஒரு சுற்றுக்கு 1.83 வோல்ட் கிடைக்கிறது.

கட்டுப்பாட்டு ஐசிக்கு மின்னூட்டும் துணைச் சுருளும் ஒரு வெளியீடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. யூசி3842 ஏறத்தாழ 16 வோல்ட்டில் தொடங்கி 10 வோல்ட்டுக்குக் கீழே நின்றுவிடும். அதற்கு 7 சுற்று கொடுத்தால் 12 வோல்ட் கிடைக்கும். சுமை குறைந்து மின்சுற்று துடிப்புகளைத் தவிர்க்கும் வேளையில் அது 10-ஐத் தொட்டுவிட வாய்ப்புண்டு. 8 சுற்று கொடுத்து 14 வோல்ட்டில் வைத்தால் இடைவெளி போதுமானது. சுமையில்லாதபோது சப்ளை விட்டுவிட்டு உயிர்ப்பதும் அணைவதுமாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சுருளைத்தான்.

படி 3: சுருள்களைச் சுற்றும் விதத்தில் பிழையைக் குறையுங்கள்

சுற்று விகிதம் சரியாக இருந்தும் 12 வோல்ட் வெளியீடு 14, 15 என்று ஏறுவது ஏன்? ஸ்விட்ச் திறக்கும் கணத்தை நெருங்கிப் பார்த்தால் புரியும். அதுவரை முதன்மைச் சுருளில் ஓடிய மின்னோட்டம் வெளியீட்டுச் சுருள்களுக்கு மாற வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுருளுக்கும் மற்றவற்றோடு முழுமையாகப் பிணையாத சிறு பகுதி உண்டு. அதுவே கசிவுத் தூண்டம். மின்னோட்டம் மாறும் அந்தச் சில நூறு நானோ நொடிகளில், எந்தச் சுருள் முதன்மையோடு நெருங்கிப் பிணைந்திருக்கிறதோ அது தன் பங்குக்கு மேல் வாங்கிக்கொள்கிறது. சுருளின் மின்னழுத்தமும் கசிவுத் தூண்டத்தாலும் சிதறு கெப்பாசிடன்ஸாலும் கூர்முனையாக எழுந்து அலைகிறது. சுமை இருக்கும் வெளியீட்டில் அந்தக் கூடுதல் மின்னூட்டம் உடனே செலவாகிவிடும். சுமையில்லாத வெளியீட்டில் அது போக வழியில்லை. டயோடு திரும்பவும் விடாது. ஆகவே கெப்பாசிட்டர் சுழற்சிக்குச் சுழற்சி சிறிது சிறிதாக நிரம்பி அந்தக் கூர்முனையின் உச்சிவரை ஏறி நின்றுவிடுகிறது. அந்த வெளியீட்டில் நீங்கள் அளப்பது சுற்று விகிதம் சொல்லும் மின்னழுத்தத்தை அன்று, கூர்முனையின் உயரத்தை.

இதற்கான மருந்து முதலில் சுருள் சுற்றும் மேசையில்தான் இருக்கிறது. 5 வோல்ட்டுக்கான 3 சுற்றுகளைப் பாபினின் (சுருள் சுற்றும் சட்டத்தின்) ஓர் ஓரத்தில் குவிக்காமல், பல இழைகளை இணையாக எடுத்தோ செப்புத் தகடாகவோ முழு அகலத்துக்கும் பரப்புங்கள். 12 வோல்ட் சுருளை அதனுடன் சேர்த்தே, அதே அடுக்கில் அல்லது உடனடுத்த அடுக்கில் சுற்றுங்கள். முதன்மைச் சுருளை இரண்டாகப் பிரித்து, வெளியீட்டுச் சுருள்களை நடுவே வைப்பது கசிவை வெகுவாகக் குறைக்கும்.

இரண்டு வெளியீடுகளுக்கும் தரை பொது என்றால் அடுக்கிச் சுற்றும் முறையைக் கட்டாயம் பரிசீலியுங்கள். 12 வோல்ட்டுக்குத் தனியாக 7 சுற்று போடுவதற்குப் பதில், 5 வோல்ட் சுருளின் 3 சுற்றுகள் முடியும் இடத்திலிருந்து மேலும் 4 சுற்று போட்டால் அதே 12.13 வோல்ட் கிடைக்கும். மூன்று சுற்றுகள் இரண்டுக்கும் பொதுவாகிவிடுவதால் பிணைப்பும் இறுகும். இன்னொரு வகை, அந்த 4 சுற்றின் அடிமுனையை 5 வோல்ட் டயோடுக்குப் பின்னால், அதாவது நேர்மின் வெளியீட்டிலேயே இணைப்பது. அப்போது கணக்குப்படி 11.63 வோல்ட்தான் வரும் என்றாலும், அதில் 5 வோல்ட் ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இருப்பதால் மேலே உள்ள ஏறத்தாழ 6.6 வோல்ட் பகுதி மட்டுமே அலையும். ரிலேவுக்கு இந்த இரண்டாவது வகையே என் தேர்வு. 12 வோல்ட் மின்னோட்டமும் 5 வோல்ட் டயோடு வழியே போகும் என்பதால் அந்த டயோடை 2.5 ஆம்பியருக்கு மேல் கணக்கிட வேண்டும்.

சுருளை மாற்ற வழியில்லாத நிலையில், 12 வோல்ட் டயோடுக்கு முன் சில ஓம் அளவுள்ள ரெசிஸ்டரையோ ஃபெரைட் மணியையோ தொடராகச் சேர்த்தால் கூர்முனையின் பங்கு குறையும். முழுச் சுமையில் மின்னழுத்தம் சற்று இறங்குவது அதற்கான விலை.

படி 4: குறைந்தபட்சச் சுமையைக் கொடுங்கள்

12 வோல்ட் வெளியீட்டின் குறுக்கே 620 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் ஏறத்தாழ 19 மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடும். வீணாவது 0.23 வாட், அரை வாட் ரெசிஸ்டர் போதும். முழுச் சுமையிலும் இந்த இழப்பு தொடர்வதை விரும்பாதவர்கள் 13 வோல்ட் ஸீனர் டயோடைச் சிறு ரெசிஸ்டருடன் வைக்கலாம். மின்னழுத்தம் ஏறினால் மட்டுமே அது இழுக்கும். இருப்பினும் படி 3-ஐச் சரியாகச் செய்யாமல் ஸீனரை மட்டும் நம்பினால் அது சூடாகிக்கொண்டே இருந்து சில மாதங்களில் உயிரை விடும்.

படி 5: எடையிட்ட பின்னூட்டத்தைக் கணக்கிடுங்கள்

5 வோல்ட்டை மட்டும் பார்த்துக் கட்டுப்படுத்தினால் அது அசையாமல் நிற்கும். எஞ்சிய பிழை முழுவதும் 12 வோல்ட்டில் விழும். இரண்டிலிருந்தும் டிஎல்431-இன் ரெஃபரன்ஸ் முனைக்கு ரெசிஸ்டர் கொண்டுவந்தால் பிழை பங்கிடப்படுகிறது. கணக்கு எளிது. டிஎல்431 தன் ரெஃபரன்ஸ் முனையை 2.495 வோல்ட்டில் வைக்க முயலும். அங்கிருந்து தரைக்கு 2.49 கிலோ ஓம் வைத்தால் அதில் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் ஓடும். முனைக்குள் போகும் சில மைக்ரோ ஆம்பியரைப் புறக்கணிக்கலாம். அந்த 1 மில்லி ஆம்பியரில் யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதே எடை.

5 வோல்ட்டுக்கு 70 சதவீதமும் 12 வோல்ட்டுக்கு 30 சதவீதமும் கொடுப்போம். 5 வோல்ட்டிலிருந்து வரும் ரெசிஸ்டரின் குறுக்கே 2.505 வோல்ட், அதை 0.70 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 3.57 கிலோ ஓம். 12 வோல்ட்டிலிருந்து வருவதன் குறுக்கே 9.505 வோல்ட், 0.30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 31.6 கிலோ ஓம். இரண்டும் ஒரு சதவீத வகையில் கடையில் கிடைக்கும் மதிப்புகளே.

இதனால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஏதோவொரு சுமை நிலையில் 12 வோல்ட் வெளியீடு, 5 வோல்ட்டை ஒப்பிட 10 சதவீதம் அதிகமாக நிற்கிறது என்று கொள்வோம். 5 வோல்ட்டை மட்டும் பார்த்தால் 5.00, 13.2 என்று வரும். 70-க்கு 30 எடையில் 12 வோல்ட் வெளியீடு 12.94 வோல்ட்டிலும் 5 வோல்ட் வெளியீடு 4.89 வோல்ட்டிலும் நிற்கும். சரிபாதி எடையில் 12.74, 4.81. இரண்டுக்கும் இடையிலான 10 சதவீத வேறுபாடு எந்த எடையிலும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது; அது இங்கும் அங்குமாக நகர்கிறது, அவ்வளவே. வேறுபாட்டையே சுருக்க வேண்டுமென்றால் படி 3-க்குத்தான் திரும்ப வேண்டும்.

படி 6: ஆப்டோகப்ளர் எல்இடியின் ஊட்டத்தைக் கவனித்து, பின்னூட்டச் சுழலை நிலைப்படுத்துங்கள்

பல வரைபடங்களில் கவனிக்கப்படாமல் போகும் இடம் இது. ஆப்டோகப்ளரின் எல்இடிக்கு மின்னோட்டம் தரும் ரெசிஸ்டர் ஏதாவது ஒரு வெளியீட்டிலிருந்துதானே வர வேண்டும்? அந்த வெளியீடு சட்டென்று இறங்கினால், டிஎல்431 அசைவதற்கு முன்பே எல்இடி மின்னோட்டம் குறைந்துவிடும். அதாவது ரெஃபரன்ஸ் முனையில் நீங்கள் கணக்கிட்ட எடை மெதுவான மாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். வேகமான மாற்றங்களில் சுழல் பெரும்பாலும் எல்இடிக்கு ஊட்டும் வெளியீட்டையே பார்க்கிறது. மைக்ரோகன்ட்ரோலரின் சுமைதான் வேகமாக மாறும் என்பதால் இங்கே 5 வோல்ட்டிலிருந்தே ஊட்டுங்கள். வெளியீட்டில் கூடுதல் எல்சி (இண்டக்டர்-கெப்பாசிட்டர்) வடிகட்டி இருந்தால் இந்த ரெசிஸ்டரை வடிகட்டிக்கு முன்னும், அளக்கும் ரெசிஸ்டரை வடிகட்டிக்குப் பின்னும் இணைப்பது நிலைத்தன்மைக்கு உதவும்.

ரெசிஸ்டரின் மதிப்பு: 5 வோல்ட்டில் எல்இடிக்கு 1.2, டிஎல்431-க்குக் குறைந்தது 2.5 கழித்தால் மிஞ்சுவது 1.3 வோல்ட். டிஎல்431 ஒழுங்காக இயங்க 1 மில்லி ஆம்பியர் வேண்டும் என்பதால், எல்இடியின் குறுக்கே 1 கிலோ ஓம் வைத்து 1.2 மில்லி ஆம்பியரை உறுதி செய்கிறோம். துடிப்பின் அளவை முடிவு செய்யும் ஐசியின் காம்ப் முனையை இழுத்துப் பிடிக்க ஆப்டோவின் டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் இழுக்க வேண்டும். 470 ஓம் வைத்தால் எல்இடிக்கு 1.5 மில்லி ஆம்பியர்வரை கிடைக்கும். பிசி817-இன் ஏ வகையில் மின்னோட்ட விகிதம் (எல்இடி மின்னோட்டத்தில் டிரான்சிஸ்டர் மின்னோட்டம் எத்தனை சதவீதம் என்பது) 80 சதவீதத்திலிருந்தே தொடங்குகிறது. குறைந்த மின்னோட்டத்தில் அது இன்னும் தாழும். 200 முதல் 400 சதவீதம்வரை தரும் சி வகையை வாங்குவது பாதுகாப்பு.

சுழலின் வேகத்துக்கு ஃப்ளைபேக்கில் இயற்கையான ஒரு தடை உண்டு. சுமை ஏறியதும் ஐசி ஸ்விட்சை அதிக நேரம் மூடுகிறது. அந்த நேரத்தில் வெளியீட்டுப் பக்கம் எதையும் பெறாததால் வெளியீடு ஏறுவதற்கு முன் சற்று இறங்குகிறது. சுருள்களின் மின்னோட்டம் சுழற்சிக்குள் சுழியத்தைத் தொடாத நிலையில் இது வலது அரைத்தள ஸீரோவாக, அதாவது சுழலின் வேகத்தை வரம்பிடும் ஓர் அதிர்வெண்ணாக, வெளிப்படும். முதன்மை 50 சுற்று, 1 மில்லி ஹென்றி, உள்ளீடு 100 வோல்ட் டிசி என்ற நிலையில், முழுச் சுமையையும் 5 வோல்ட் பக்கத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் அது 39 கிலோ ஹெர்ட்ஸ் அருகே அமைகிறது. சுழலின் வேகம் அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஆப்டோகப்ளரின் மந்தத்தையும் கருதி 1 முதல் 2 கிலோ ஹெர்ட்ஸில் சுழலின் பெருக்கம் ஒன்றைக் கடக்கும்படி வைப்பதே நல்லது. டியூட்டி (சுழற்சியில் ஸ்விட்ச் மூடியிருக்கும் பங்கு) 50 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்புள்ள குறைந்த உள்ளீட்டில் சாய்வு ஈடுசெய்தல் (மின்னோட்ட அளவீட்டுடன் ஒரு சாய்வு அலையைக் கூட்டுதல்) சேர்க்காவிட்டால் துடிப்புகள் ஒன்றுவிட்டு ஒன்று பெரிதும் சிறிதுமாக அலையும்.

படி 7: கோளாறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள்

எடையிட்ட பின்னூட்டத்துக்கு ஒரு பயங்கரமான பக்கம் உண்டு. 31.6 கிலோ ஓம் ரெசிஸ்டரின் பற்றவைப்பு விட்டுப்போனால், அது தந்துவந்த 0.3 மில்லி ஆம்பியரையும் 5 வோல்ட் பக்கமே தர வேண்டியிருக்கும். அதற்காக ஐசி 5 வோல்ட் வெளியீட்டை 6.07 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். ஏடிமெகா328 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் தாங்கும் உச்ச வரம்பே 6.0 வோல்ட்தான். இன்னும் மோசமான நிலை, 12 வோல்ட்டை ஃப்யூஸுக்குப் பின்னால் அளப்பது. ரிலே பக்கத்தில் ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போனால் அந்தப் புள்ளி சுழியத்துக்கு வரும், 31.6 கிலோ ஓம் இப்போது மின்னோட்டத்தைத் தருவதற்குப் பதில் இழுக்கத் தொடங்கும்; 5 வோல்ட் வெளியீடு 6.35-ஐத் தொடும். ரிலே பலகையில் ஏற்பட்ட கோளாறு மைக்ரோகன்ட்ரோலரைக் கொன்றுவிடுகிறது. எனவே எப்போதும் ஃப்யூஸுக்கு முன்னால் அளவெடுங்கள். 5 வோல்ட்டுக்குச் சுழலோடு தொடர்பில்லாத தனி மிகைமின்னழுத்தப் பாதுகாப்பும் அவசியம், 5.6 வோல்ட்டில் இயங்கித் தனி ஆப்டோகப்ளர் வழியே ஐசியை நிறுத்தும் மின்சுற்று ஒன்று போதும்.

ஐசி முதன்மைப் பக்க மின்னோட்டத்தை மட்டுமே வரம்பிடுகிறது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. 5 வோல்ட்டில் சுமை குறைவாக இருக்கும் வேளையில் 12 வோல்ட் பக்கம் தன் 0.5 ஆம்பியரைப் போல இரு மடங்கு எடுத்தாலும் அது கண்டுகொள்ளாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி ஃப்யூஸோ தானாக மீளும் பிடிசி ஃப்யூஸோ வையுங்கள்.

படி 8: இதுவும் போதாதென்றால்

இரண்டு வெளியீடுகளும் உண்மையிலேயே துல்லியமாக வேண்டுமென்றால் இரண்டாவது கட்டுப்பாட்டு அளவு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். சிறிய மின்னோட்டத்துக்கு லீனியர் ரெகுலேட்டர் போதும். 5 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட் 0.5 ஆம்பியர் எடுத்தால் அதில் 0.85 வாட் சூடாகப் போகும். 90 சதவீதத் திறன் கொண்ட பக் கன்வெர்ட்டரில் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்விட்சிங் மின்சுற்றில்) 0.2 வாட்டுக்கும் குறைவே. டயோடுகளுக்குப் பதில் எல்லா வெளியீட்டிலும் மாஸ்ஃபெட் ஸ்விட்சுகளை ஒத்திசைத்து இயக்கினால் சுமையில்லாத வெளியீட்டின் கூடுதல் மின்னூட்டம் டிரான்ஸ்ஃபார்மர் வழியே திரும்பி மற்றதற்குப் போக முடியும். சுழியச் சுமைச் சிக்கல் பெருமளவு தீர்கிறது.

பெரிய மின்னோட்டத்துக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது மேக்ஆம்ப் (காந்தப் பெருக்கி). சதுர வடிவக் காந்தமாக்கல் வளைவு கொண்ட சிறு உள்ளகத்தில் சுற்றிய சுருள் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கப் பகுதியையும் தடுத்து நிறுத்தி, செறிவடைந்த பின்பே மின்னோட்டத்தை விடும். எவ்வளவு தடுக்க வேண்டும் என்பதைச் சிறிய ரீசெட் மின்னோட்டம் முடிவு செய்யும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் எடையிட்ட ஒரே சுழலிலும், 3.3 வோல்ட் மேக்ஆம்ப்பிலும் நின்றன. 2000-இல் அவற்றுக்கான ஏடிஎக்ஸ்12வி வரையறை வந்து பிராசஸரின் மின்சுமை 12 வோல்ட்டுக்கு நகர்ந்தபின், 12 வோல்ட் பாரமாகவும் 5 வோல்ட் இலேசாகவும் ஆகி அந்தப் பங்கீடு திணறத் தொடங்கியது. இன்றைய நல்ல சப்ளைகள் பிரதான கட்டத்தில் 12 வோல்ட்டை மட்டும் உருவாக்கி, 5, 3.3 ஆகியவற்றைத் தனித்தனி டிசி-டிசி கன்வெர்ட்டர்களால் பெறுகின்றன.

பேட்டரியில் இயங்கும் கையடக்கக் கருவிகளில் வேறொரு வழி வேரூன்றியிருக்கிறது. ஒரே இண்டக்டரை நேரப் பங்கீட்டில் பல வெளியீடுகளுக்கு மாறி மாறித் திறந்துவிடும் முறை அது. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு முக்கியமானவை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி ஸ்விட்சும் தனி நேரமும் இருப்பதாலும், ஒரு வெளியீட்டின் முறை முடியும்போது இண்டக்டர் மின்னோட்டம் சுழியத்துக்கோ குறித்த நிலைக்கோ திரும்பிவிடுவதாலும் ஒன்றின் சுமை மற்றதைத் தொடுவதில்லை.

படி 9: மூலை நிலைகளில் அளந்து பாருங்கள்

5 வோல்ட்டில் குறைந்த சுமை, முழுச் சுமை. 12 வோல்ட்டில் குறைந்த சுமை, முழுச் சுமை. இவற்றின் நான்கு சேர்க்கைகளையும் 90, 230, 265 வோல்ட் ஆகிய மூன்று உள்ளீடுகளில் அளந்தால் பன்னிரண்டு அளவீடுகள். 5 வோல்ட் முழுச் சுமையிலும் 12 வோல்ட் சுமையின்றியும் இருக்கும்போது 12 வோல்ட் உச்சத்தில் நிற்கும். 5 வோல்ட் இலேசாகவும் 12 வோல்ட் பாரமாகவும் இருக்கும்போது ஐசி துடிப்பைக் குறைத்துவிடுவதால் 12 வோல்ட் அடியில் நிற்கும். இவ்விரண்டின் நடுப்புள்ளி 12-இலிருந்து விலகியிருந்தால் சுற்று விகிதத்தைத் திருத்துங்கள். நடுப்புள்ளி சரியாக இருந்து இடைவெளி மட்டும் அகலமாக இருந்தால் சுருள் அமைப்பையும் குறைந்தபட்சச் சுமையையும் கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்து, 12 வோல்ட் மட்டும் வரம்பைச் சற்றே மீறி, 5 வோல்ட்டில் இடம் மிச்சமிருந்தால் மட்டுமே எடையை மாற்றுங்கள். பிறகு எட்டு ரிலேக்களையும் ஒரே நேரத்தில் இழுக்கவும் விடவும் செய்து, 5 வோல்ட் வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் ஏசி இணைப்பில் பாருங்கள். ஒருமுறை இறங்கி ஏறி அடங்கினால் சுழல் நன்றாக இருக்கிறது. மூன்று நான்கு முறை ஆடினால் டிஎல்431-இன் ஈடுசெய்யும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கி மீண்டும் அளவெடுங்கள்.